எதிர்ப்பு மரபணு இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தமா? ரத்தத் தொற்றுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தத்தில் பாக்டீரியா தொற்று வந்தவருக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பழைய முறையில் கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமியின் மரபணுக்களைத் தேடும் சோதனையான மரபணுப் பேனல் இருந்தால், பிளட் கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்க்கும் பாட்டில்) பாசிட்டிவ் ஆன சில மணி நேரத்துக்குள், சிலவற்றில் ஒரே மணி நேரத்தில், எந்தக் கிருமி, அதில் முக்கியமான எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உயிரைக் காப்பாற்றக்கூடிய வசதி இது, அதனால்தான் ரிசல்ட்டைத் தப்பாகப் படிப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, 'எதிர்ப்பு மரபணு இல்லை' என்று வந்ததும் எல்லா மருந்தும் கேட்கும் என்று முடிவு கட்டுவது. பேனல் தன் பட்டியலில் உள்ள சில மரபணுக்களை மட்டும்தான் தேடும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் பரவாயில்லை, அதில் மெத்திசிலின் எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ, மெக்-சி மரபணுக்கள் இரண்டும் இல்லையென்றால் வான்கோமைசினை விட்டு செஃபசோலினுக்கு மாறலாம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல முடியும். சூடோமோனாஸ் என்ற கிருமியின் கதை வேறு. அது செல்சுவரில் மருந்து நுழையும் வாசலை அடைத்துவிடும், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும், இவை எதுவும் பேனலில் தெரியாது. கார்பபெனெமை (மெரோபெனெம் சேர்ந்த மருந்து வகை) உடைக்கும் மரபணு ஒன்றுமே இல்லாமல் மெரோபெனெமுக்கு அடங்காத சூடோமோனாஸ் சர்வ சாதாரணம். அதனால் வேக ரிசல்ட் வந்துவிட்டது என்று வழக்கமான மருந்து உணர்திறன் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள், கடைசி வார்த்தை அதனுடையதுதான்.

மரபணு இருக்கிறது என்று வந்தால் அதை அலட்சியம் செய்வது அடுத்த தவறு. ஈ.கோலையில் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் சிடிஎக்ஸ்-எம் மரபணு இருந்தால் செஃப்ட்ரியாக்சோனை நம்பவே கூடாது, காய்ச்சல் குறைகிற மாதிரி இருந்தாலும் சரி. பைப்பராசிலின்-டாசோபாக்டம் போதுமே என்று தோன்றும். ஆனால் செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத் தொற்றில் பைப்பராசிலின்-டாசோபாக்டமையும் மெரோபெனெமையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018-இல் வெளியானது, 30 நாளில் இறந்தவர்கள் முதல் மருந்துப் பிரிவில் 12.3 சதவீதம், மெரோபெனெம் பிரிவில் 3.7. அப்புறம், கார்பபெனெம் எதிர்ப்பு என்று மொத்தமாகப் பார்க்காமல் எந்த மரபணு என்று பாருங்கள். கேபிசி, ஆக்ஸா-48 என்றால் செஃப்டசிடிம்-அவிபாக்டம் பெரும்பாலும் கேட்கும், என்டிஎம் என்றால் அது மட்டும் கேட்காது, கூடவே அஸ்ட்ரியோனாம் வேண்டும்.

நாலு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வந்து அதில் மெக்-ஏ இருந்தால், அது ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வந்த கிருமியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், உடனே வான்கோமைசின் தொடங்கிவிடாமல் நோயாளியைப் போய்ப் பாருங்கள். இரண்டு கிருமிகள் சேர்ந்து வந்தால் மரபணு எதனுடையது என்று பேனலுக்குத் தெரியாமல் போகலாம். ரத்தத்தை முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே, பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி எடுங்கள், பாட்டிலில் கிருமி வளரவில்லை என்றால் பேனலுக்கு வேலையே இல்லை.

ரிசல்ட்டைக் கணினியில் ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பது லேப் பக்கத்துத் தவறு. 2015-இல் வந்த ஒரு ஆய்வில், தேவையில்லாத மருந்தைக் குறைப்பது, பேனலோடு நிபுணர்களின் ஆலோசனையும் உடனுக்குடன் கிடைத்த பிரிவில்தான் சீக்கிரம் நடந்தது, பேனல் மட்டும் இருந்த பிரிவில் நடக்கவில்லை. ஆகவே ராத்திரி இரண்டு மணிக்கு ரிசல்ட் வந்தால் யார் யாருக்கு போன் செய்வது, மருந்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதை மெஷின் வாங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.