ஏழு நாள் என்எஸ்எஸ் கேம்ப்: முதல் தடவை போகிறவர்களுக்கு

என்எஸ்எஸ் (மாணவர்களுக்கான நாட்டு நலப்பணித் திட்டம்) கேம்ப்பில் முதல் வருடம் நான், வீடு வீடாகப் போய் விவரம் கேட்கிற சர்வே குழுவில் இருந்தேன். மூன்று நாள் அலைந்து நாங்கள் நிரப்பிய படிவங்கள் பதினொன்று. மறு வருடம் அதே ஊர் (தத்தெடுத்த கிராமம், அதனால் திரும்ப அங்கேதான்), இரண்டே சாயங்காலத்தில் எண்பதைத் தாண்டினோம். என்ன மாற்றினீர்கள் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். 240 மணி நேரச் சேவைக் கணக்கு, சர்டிபிகேட் எல்லாம் உங்கள் திட்ட அலுவலர் சொல்லுவார். 1969, காந்தி நூற்றாண்டு, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய கதையைத் தொடக்க விழாவில் எப்படியும் கேட்பீர்கள்.

படி 1: பை. போர்வை, டார்ச், கைலி, பெயர் கீறிய தட்டு டம்ளர். ரப்பர் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள், சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். ஐம்பது பேர் படுக்கிற பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற பிளக் இரண்டுதான் இருக்கும், ஆகவே ஜங்ஷன் பாக்ஸ் கொண்டுவருகிறவருக்குத்தான் அந்த ஏழு நாளும் ராஜ மரியாதை.

படி 2: தண்ணீர். கேம்ப்புக்கு ஒரு வாரம் முன்பே போய்க் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் யார் என்று விசாரித்து அவருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். தலைவரைவிட முக்கியம் அவர். காலையில் மோட்டார் போட மறந்தால் ஐம்பது பேரும் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

படி 3: சமையல். ஐம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஏழு கிலோ அரிசி. மண்வெட்டி பிடித்துவிட்டு வருகிற பசிக்கு இது சரியாக இருக்கும். விறகடுப்பில் அவ்வளவு சோறு வடிப்பது நம்மால் ஆகாது, ஊரில் ஒரு அக்காவைக் கூலி பேசி வைத்துக்கொண்டு நீங்கள் காய் நறுக்குங்கள். சமையல் குழு நாலு மணிக்கே எழ வேண்டும். என்எஸ்எஸ் பேட்ஜில் இருக்கிற கோனார்க் சக்கரத்தின் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டு ஜாமங்கள் என்பார்களே, அது அப்போது புரியும்.

படி 4: உடல் உழைப்பு. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் குவித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். அடுத்த வருடம் போனால் வெட்டிய இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. அடிமரத்தை விட்டுவிட்டு வெட்டினால் அது தழையத்தான் செய்யும். பெரிய மரத்தை ஜேசிபிக்கு விடுங்கள். ஈரம் இருக்கும்போது சின்னக் கன்றுகளைக் கடப்பாரையால் நெம்பி வேரோடு எடுங்கள், நம் கைக்கு ஏற்ற வேலை அதுதான்.

படி 5: சர்வே. இங்கேதான் நான் சொதப்பினேன். காலை பத்து மணிக்குக் கிளம்பினோம், பாதி வீடு பூட்டு. நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்கள் நாலு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். ஆள் இருந்த வீட்டிலோ எட்டுப் பேர் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு, ஜப்தி செய்ய வந்தவர்கள் மாதிரி வாசலை அடைத்து நின்றோம். படிவத்தில் மேலே இருக்கிறதே என்று நான் முதலில் வருமானத்தைக் கேட்டேன். "எதுக்கு, ரேஷன் கார்டை மாத்தப் போறீங்களா?" என்றார் அந்த வீட்டுக்காரர், அதோடு கதவு சாத்தியாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைச் சாத்தவில்லை, "போன வருஷமும் எழுதிட்டுப் போனாங்க, என்ன வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறு வருடம் ஆறு மணிக்கு மேல் போனோம். மூன்று மூன்று பேராக, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்கும்படி. நோட்டைப் பையில் வைத்துவிட்டு முதலில் உட்காருங்கள். ஐந்தாம் நாள் கண் மருத்துவ முகாம் இருக்கிறது, யாருக்காவது பார்வை மங்கலா என்று ஆரம்பியுங்கள், அந்தப் பேச்சிலேயே வயது, வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று பாதிப் படிவம் வந்துவிடும். வருமானம் கடைசியில், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "இருக்கு" என்றுதான் வரும், உள்ளே விறகு அடுக்கியிருக்கும். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தானாக வெளியே வரும். தெருமுனைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். கண் பிரச்சினை சொன்னவர்களை முகாம் அன்று காலையில் நீங்களே வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். அந்தப் பாட்டியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பின்சேர்க்கை: கூகுள் ஃபார்மில் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிக்னல் கிடைக்காது, கிடைத்தாலும் போனைக் குனிந்து பார்க்கிறவரிடம் யாரும் பேச மாட்டார்கள். தாளில் எடுங்கள், ராத்திரி ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று: நாப்கின் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று ஒரு தோழி திட்டினார். நியாயம்தான், நான் யோசிக்கவே இல்லை. அவர் சொன்னது இது: பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, மூடி போட்ட வாளி ஒன்று, அதை யார் எங்கே அப்புறப்படுத்துவது என்பதை முதல் நாளே திட்ட அலுவலரிடம் பேசி முடித்துவிட வேண்டும். படி 2-இல் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.