ஜெயிலில் பாலியல் வன்கொடுமை: வெளியில் இருக்கும் நீங்கள் செய்ய வேண்டியவை

மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, ஜெயிலுக்குப் போன இடத்தில் உங்கள் வீட்டுப் பெண் இதைச் சொன்னால், அங்கேயே யார், எப்போது என்று கிளறாதீர்கள். வார்டர் காதில் விழும். "நீ சொல்றத நம்புறேன், வக்கீலை அனுப்புறேன்", அவ்வளவு போதும்.

வக்கீலுக்குக் காசில்லையா, 15100-க்கு அழையுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. பெண் வக்கீலாகக் கேளுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், அவர் சம்மதித்தால், டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 184-ஆம் பிரிவு. ஜெயில் டாக்டரோடு நிறுத்தாமல் வெளியே அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இரு விரல் சோதனை கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது. முக்கியமாக, அழுக்குத் துணியை வழக்கம்போலத் துவைக்க வாங்கி வந்துவிடாதீர்கள். அது டாக்டர் கைக்குத்தான் போக வேண்டும், அதுவும் காகித உறையில்; பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இனிமேல்தான். பெண் கைதி பலாத்காரப் புகார் சொன்னால், போலீஸ் விசாரணை போக, மாஜிஸ்திரேட்டும் தனியாக விசாரித்தாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 196). ஆனால் விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போகும்? காவல் நீட்டிப்பு இப்போது பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடுகிறது, கேமரா முன்னால் அந்தப் பெண் நிற்கும்போது பக்கத்தில் நிற்பதும் அதே ஜெயில் ஆட்கள்தான் என்றால் யார் வாயைத் திறப்பார்? அதனால் வாய்தாவுக்கு முன்பே வக்கீல் மெமோ போட்டு, நேரில் ஆஜர்படுத்தக் கேட்க வேண்டும். கோர்ட் முத்திரை விழுந்த நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

ஜெயில் புகார்ப் பெட்டியை நான் நம்புவதில்லை. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒரு வருடம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பெயர், போட்டோ எதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

பின்சேர்க்கை: "ஆண் கைதி என்றால்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆண் மீதான வன்கொடுமைக்கும் பயன்பட்ட பழைய ஐ.பி.சி. 377-ஆம் பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை, பலாத்காரப் பிரிவும் பெண்ணுக்கு மட்டும்தான். காயம், மிரட்டல் பிரிவுகளில்தான் புகார் எழுத வேண்டியிருக்கிறது. வயது 18-க்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), அதில் ஆண் பெண் பேதமில்லை. திருநர் என்றால் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருடம்தான்.

வேறு ஜெயிலுக்கு மாற்றுவதை மட்டும் அவரைக் கேட்காமல் மனுவில் எழுதாதீர்கள். தூரமாகப் போய்விட்டால் நீங்கள் மனு பார்க்கப் போவதும் குறைந்துவிடும்.