மார்மன் மிஷனரி பயிற்சி: வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை, எப்போதும் இரண்டு பேராக நடை. மார்மன் மிஷனரிகளைத் தெருவில் பார்ப்பவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். அந்தப் பையன் சில மாதங்களுக்கு முன்புவரை பள்ளி மாணவன் என்பதும், இவ்வளவு நாள் வீட்டை விட்டு இருப்பது அவனுக்கு இதுவே முதல் முறை என்பதும் தெரியாது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை (மார்மன் சபை என்று நாம் சொல்வது இதைத்தான்) 2012 அக்டோபரில் ஊழியத்துக்குப் போகும் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைத்தது. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கியது. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையிடத்திலிருந்து வரும் அழைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பிரேசிலுக்கு அழைப்பு வந்த அமெரிக்கப் பிள்ளைகளை. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அடுத்தபடியாக இந்தச் சபையினர் அதிகம் இருக்கும் நாடு பிரேசில். 14 லட்சத்துக்கும் மேல். சாவோ பாவுலோவில் சபைக்குச் சொந்தப் பயிற்சி மையம் இருக்கிறது. விசா வராதவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புரோவோ மையத்தில் பயிற்சி பெறுவது வழக்கம். மொழி தெரிந்தவர்களுக்குச் சில வாரங்களில் பயிற்சி முடிந்துவிடும். புது மொழி என்றால் இன்னும் பல வாரம் ஆகும்.

இந்த வாரங்களில் நடக்கும் தவறுகளைக் கவனித்தால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. நம்பிக்கை குறைந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, உடம்பும் மனமும் சொல்வதை மறைப்பதில்.

முதல் மறைப்பு கிளம்பும் முன்பே நடந்துவிடும். விண்ணப்பத்தோடு மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை எழுதினால் அழைப்பு தள்ளிப்போகும் என்று பயந்து சிலர் எழுதுவதில்லை. வேறு சிலர் இன்னும் மோசமாக, ஊழியத்துக்குப் போகிறோம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. தூக்கம், சாப்பாடு, மொழி, கூட இருக்கும் ஆட்கள் என்று எல்லாமே ஒரே நாளில் மாறும் இடத்தில், மருந்தையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எந்த டாக்டரும் சொல்வார். உண்மையை எழுதினால் மருத்துவ வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம், கொஞ்சம் தள்ளிப் போடலாம், அல்லது வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை ஊழியத்துக்கு அழைக்கலாம். இவை எதுவும் தண்டனை இல்லை.

அடுத்தது மொழி. பயிற்சிக்குப் போன சில நாட்களிலேயே பிரேசிலின் மொழியான போர்ச்சுகீஸில் ஒருவருக்குப் பாடம் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். எதிரில் உட்காருபவர் பெரும்பாலும் ஆசிரியரேதான். தானும் மிஷனரியாக இருந்துவிட்டு வந்தவர், ஊழியத்தில் சந்தித்த யாரோ ஒருவராக நடிப்பார். பையன் முந்தின ராத்திரி ஜெபத்தைப் பற்றி ஒரு பத்தி மனப்பாடம் செய்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர், போன மாதம்தான் என் அம்மா இறந்துபோனார் என்கிறார். பையனுக்கு ‘அம்மா’ என்பது மட்டும் புரிகிறது. சிரித்துத் தலையாட்டிவிட்டு, மனப்பாடம் செய்த பத்தியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கம் பயிற்சி அறையிலேயே உடைய வேண்டும். “புரியவில்லை, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்” என்ற வாக்கியத்தைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் வேகமாகப் பேசுகிறானே என்று குமைவதும் வீண். அவன் பள்ளியில், போர்ச்சுகீஸுக்கு நெருங்கிய ஸ்பானிஷ் படித்தவனாக இருக்கலாம்.

இனி கூட்டாளி விஷயம். நேரம் அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான்.

பயிற்சி மையத்தில் காலடி வைத்த முதல் நாளே ஒரு ஜோடியைக் கொடுத்துவிடுவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும். குளியலறை போன்ற இடங்களைத் தவிரத் தனியாக இருக்கும் நேரம் கிடையாது. முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. குடும்பப் பெயருக்கு முன் எல்டர் அல்லது சிஸ்டர். ஆறரைக்கு எழுந்து பத்தரைக்கு விளக்கை அணைக்கும் வரை, நேற்று வரை முன்பின் தெரியாத ஒருவரோடு மூச்சு முட்ட ஒட்டிக்கொண்டு வாழ வேண்டும்.

சண்டை வருவது இயல்பு. சண்டையே வராததுபோல் நடப்பதுதான் தவறு. கூட்டாளி கிளம்பத் தாமதம் செய்கிறான், பாடம் எடுக்கும்போது நம்மைப் பேசவே விடுவதில்லை, ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறான். சின்னச் சின்ன விஷயங்கள்தான். கிறிஸ்தவ ஊழியன் எரிச்சல்படலாமா என்று அடக்கிக்கொண்டே போனால், மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒன்றுமில்லாத காரணத்துக்கு வெடிக்கும். அப்புறம் இரண்டு நாள் மௌனம். ஆனால் ஒரே அறையில்தான் தூங்க வேண்டும், பாடத்தையும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

இதற்கென்றே ஒரு ஏற்பாடு அவர்கள் கையிலேயே இருக்கிறது. வாரத் திட்டமிடலின்போது இருவரும் உட்கார்ந்து, நம் இருவருக்குள் எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று பேசிக்கொள்ள வேண்டும் என்பது மிஷனரி கையேட்டிலேயே உள்ள நடைமுறை. பலர் இதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். “எல்லாம் நல்லா இருக்கு, உனக்கு?” “எனக்கும்தான்.” அதோடு சரி. அந்த நேரத்தில் ஒரே ஒரு உண்மையான விஷயத்தையாவது சொல்லுங்கள். “நீ எப்போதும் இப்படித்தான்” என்று தொடங்காமல், “செவ்வாய்க்கிழமை பாடத்தில் நான் பேச ஆரம்பித்தபோது நீ குறுக்கே வந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொன்னபின் அவன் பக்கம் கேளுங்கள். நம் குறட்டை அவனை ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் செய்திருக்கலாம்.

வீட்டுக்கு எழுதுவதிலும் இதே மறைப்புதான். 2019 பிப்ரவரிக்கு முன்பு, வாராவாரம் மின்னஞ்சல் உண்டு. போன் மட்டும் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். இப்போது வாரத்தில் ஒருநாள், துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஒதுக்கிய ஆயத்த நாளில், வீட்டோடு பேசலாம். நல்ல மாற்றம். ஆனாலும் ஊர் முழுக்கப் போகும் வாராந்திரக் கடிதத்தில் அற்புதங்களை மட்டும் எழுதிவிட்டு, அழுததை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. ஊருக்கு எழுதுவது வேறு, அம்மா அப்பாவுக்குச் சொல்வது வேறு. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விதிகளைத் துல்லியமாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் இடத்தில், சில பிள்ளைகளுக்கு அது நோயாகவே மாறிவிடும். ஆறரைக்குப் பதில் ஆறு முப்பத்து மூன்றுக்கு எழுந்ததற்கு நாள் முழுக்க மன்றாடுவது, மன்னித்தாயிற்று என்று சொன்ன சிறுவயதுத் தவறை மறுபடி மறுபடி சபையின் கிளைத் தலைவரிடம் அறிக்கை செய்வது. இது பக்தி முற்றியதன் அடையாளம் இல்லை, உதவி தேவை என்பதன் அடையாளம். மிஷனரிகளுக்கென மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மிஷனரி வாழ்க்கைக்குப் பழகுவது பற்றிச் சபையே ஒரு சிறு கையேடு போட்டிருக்கிறது. மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்து, எந்த நிலையில் என்ன செய்வது என்று சொல்கிறது. ஆரஞ்சில் இருப்பவர் பச்சை என்று சொல்லிக்கொண்டால் அந்தக் கையேட்டால் பயன் இல்லை.

பயிற்சி முடிந்தும் விசாவுக்குக் காத்திருப்பவர்களைத் தற்காலிகமாக அமெரிக்காவிலேயே ஒரு இடத்துக்கு அனுப்புவார்கள். “இது என் இடம் இல்லை” என்று பெட்டியைப் பிரிக்காமல் நாட்களைத் தள்ளுவது தவறு. அங்கே சந்திக்கும் மனிதர்களுக்கு நீங்கள் தற்காலிக ஆள் இல்லை.

பிரேசிலில் இறங்கியதும் ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துவிடுவார்கள். முதல் பன்னிரண்டு வாரம் அவரே கூட்டாளி. அங்கே மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. சபைக் குடும்பங்கள் முறைவைத்து மிஷனரிகளுக்குச் சோறும் பீன்ஸும் போடுவார்கள். வசதியில்லாத வீட்டிலும் தட்டு நிறைய வரும். அந்த வீட்டில் இறைச்சியைத் தேடாதீர்கள், வந்ததை மனதாரச் சாப்பிடுங்கள். மற்ற வீடுகளில் சின்னக் கோப்பையில் காபி வரும். மார்மன்கள் காபி குடிப்பதில்லை. அதற்காகக் கதவருகிலேயே சுகாதாரப் பிரசங்கம் வேண்டாம். “நன்றி, நாங்கள் காபி குடிப்பதில்லை, குளிர்ந்த தண்ணீர் கிடைக்குமா?” என்று கேளுங்கள். தண்ணீரை நீங்களே கேட்டு வாங்கிக் குடித்தால், உபசரித்தவர் மனம் நோகாது.

கடைசியாக, பலர் தயார் செய்யாமல் போகும் ஒரு கேள்வி. 1850களிலிருந்து 1978 ஜூன் வரை, ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இந்தச் சபையில் குருத்துவம் (சபையின் சாதாரண ஆண்களுக்கும் தரப்படும் ஊழிய அதிகாரம்) கொடுக்கப்படவில்லை. இனங்கள் கலந்து வாழும் பிரேசிலில் அந்தத் தடை பல குடும்பங்களை நேராகத் தொட்டது. எல்வேசியோ மார்டின்ஸ் என்ற கறுப்பின பிரேசிலியர், அந்தத் தடையால் தான் உள்ளே நுழையவே முடியாது என்று தெரிந்தும் சாவோ பாவுலோ ஆலயம் கட்டப் பாடுபட்டவர். தடை நீங்கிய அதே ஆண்டில் ஆலயமும் திறந்தது. 1990இல் சபையின் உலகளாவிய தலைமைப் பொறுப்புகளில் ஒன்றுக்கு வந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. சால்வடோரிலோ ரியோவிலோ ஒரு கறுப்பினப் பாட்டி, “உங்கள் சபை எங்களை ஏன் ஒதுக்கியது?” என்று கேட்டால், பத்தொன்பது வயதுப் பையன் “அதெல்லாம் பழைய கதை” என்று நழுவக் கூடாது. பழங்காலத்தில் சொல்லப்பட்ட சாக்குகளை எடுத்து நீட்டவும் கூடாது. அந்த விளக்கங்களை ஏற்கவில்லை என்று சபையே 2013இல் வெளியிட்ட கட்டுரையில் சொல்லிவிட்டது. தடை இருந்தது, அது காயப்படுத்தியது என்று ஒப்புக்கொண்டு, அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை போனில் “எனக்கு முடியவில்லை” என்று சொன்னால், இரண்டு வருடம் முடிக்காமல் வராதே என்று சொல்லாதீர்கள். மார்மன்கள் நிறைந்த யூட்டாவிலும் ஐடஹோவிலும் பாதியில் திரும்பியவனைப் பார்க்கும் பார்வை எப்படி என்பது அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதையும் தாண்டித்தான் சொல்கிறான். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, டாக்டரைப் பார்த்தாயா, அங்குள்ள மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால், அன்றைக்கே நீங்களே அவருக்குப் போன் போடுங்கள்.