டீமுக்கு வேலையில் மனசு ஒட்ட வைப்பது எப்படி? புது மேனேஜர்களுக்கான செய்முறை

நேற்று வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்று நீங்கள் மேனேஜர். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அதை அவர்கள் மனசு வைத்துச் செய்ய வேண்டுமே! பலர் உடனே பரிசுக் கூப்பன், விளையாட்டுப் போட்டி என்று இறங்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தாங்காது.

1990-ல் வில்லியம் கான் என்ற ஆய்வாளர், ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் வேலை செய்தவர்களைக் கவனித்து எழுதினார். செய்யும் வேலையில் அர்த்தம், மனதில் பட்டதைச் சொன்னால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை, உடம்பிலும் மனதிலும் மிச்சமிருக்கும் தெம்பு. இந்த மூன்றும் இருந்தால்தான் ஒருவர் முழுசாக வேலைக்குள் இறங்குகிறார். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

படி 1: எதிர்பார்ப்பைச் சரிபாருங்கள்

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் ஊழியர் ஈடுபாட்டை அளக்க 12 கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வியே, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்பதுதான். டீமில் ஒவ்வொருவரையும் இந்த மாதத்தில் தன்னுடைய முக்கியமான மூன்று வேலைகளை எழுதச் சொல்லுங்கள். அவருடைய முக்கியமான மூன்று வேலைகள் என்று நீங்கள் நினைப்பதைத் தனியாக எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இது வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்கும் மீட்டிங் இல்லை. அதை மெயிலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பை மூடி வையுங்கள். ஒரு நோட்டு போதும். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லா போகுது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எந்த வேலை உங்களை ரொம்ப இழுத்தடிச்சுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து விநாடி மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், நிரப்ப வேண்டாம். உண்மையான பதில் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வரும்.

அவர் சொன்னதை அவர் கண்முன்னே எழுதுங்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தைத் திறந்து, என்ன ஆயிற்று என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்று சொல்லுங்கள்.

இதை நான் கற்றுக்கொள்ள ஒரு நல்ல ஆளை இழக்க வேண்டியிருந்தது. மீட்டிங்கில் எதற்கும் வாதாடும் ஒருவர் திடீரென்று அமைதியானார். பக்குவப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் ராஜினாமாக் கடிதம் வந்தது. காரணம் கேட்டபோது, "அந்த ரிப்போர்ட் பிரச்சினையை மூணு தடவை சொன்னேன் சார். அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்" என்றார். சண்டை போடுபவருக்கு இன்னும் அக்கறை இருக்கிறது. பேச்சு நின்றுபோனவரைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

படி 3: தடையை எடுத்துவிடுங்கள்

தெரசா அமாபைல் என்ற பேராசிரியர் 238 பேரின் கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்தார். அர்த்தமுள்ள வேலையில் ஒரு சின்ன முன்னேற்றம் கிடைத்த நாள்தான் அவர்களுக்கு நல்ல நாளாக அமைந்தது. நான்கு நாளாக ஒரு அனுமதிக்காகக் காத்திருப்பவருக்கு உற்சாக உரை வேண்டாம். அந்த அனுமதியை வாங்கிக் கொடுங்கள்.

படி 4: பாராட்டில் விவரம் இருக்கட்டும்

"சூப்பர்" என்பதோடு நிறுத்தாமல், "வாடிக்கையாளர் கோபமாக இருந்தபோது தேதியை மழுப்பாமல் சொன்னீர்களே, அதனால்தான் அவர் நம்பினார்" என்று சொல்லுங்கள். அதே நாளில் சொல்லுங்கள். அப்ரைசல் வரை சேர்த்து வைக்காதீர்கள்.

படி 5: விடாமல் தொடருங்கள்

ஆரம்பிப்பது சுலபம். வேலை நெருக்கும் மாதத்தில்தான் இந்த அரை மணி நேரம் முதலில் அடிபடும், அது தேவைப்படுவதும் அப்போதுதான். ரத்து செய்யாதீர்கள், தள்ளி வையுங்கள். தள்ளி வைக்கும் அதே மெசேஜிலேயே, அந்த வாரத்துக்குள் வரும் புது நேரத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.