நல்லதையே சாப்பிட்டும் பசி அடங்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிள், ஓட்ஸ், பாதாம், கிரீன் டீ, சியா விதை. பசியைக் கட்டுப்படுத்தும் இயற்கை உணவுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தப் பெயர்கள் தவறாமல் வந்து நிற்கும். பட்டியலில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை வாங்கி வந்த பிறகு நாம் செய்கிற காரியங்களில்தான் கோளாறு. கடித்துத் தின்ன வேண்டியதைப் பிழிந்து குடிக்கிறோம். ஊறவைக்க வேண்டியதை அப்படியே விழுங்குகிறோம். ஒன்றுக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டியதை எல்லாவற்றுக்கும் மேல் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். பிறகு, 'எனக்கு மட்டும் எதுவும் பலிக்கவில்லை' என்று புலம்பல்.

பழத்தைக் குடிப்பது

முதல் தவறு இதுதான். மிகப் பரவலானதும் இதுதான். 1977இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவில் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுப் பழமாக, நார் நீங்காத கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் கார்போஹைட்ரேட் ஒரே அளவு, 60 கிராம். முழுப் பழத்தை மென்று முடிப்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாறு உள்ளே போய்விட்டது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்கே அதிகம்; கூழுக்கு அதைவிடக் குறைவு; சாற்றுக்கு எல்லாவற்றிலும் குறைவு.

ரத்தச் சர்க்கரை ஏறிய அளவில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இறங்கியபோது தெரிந்தது. சாறு குடித்தபோது இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ஏறிய சர்க்கரை வேகமாகச் சரிந்தது. ஜூஸ் குடித்த சற்று நேரத்துக்கெல்லாம் 'எதையாவது கொறிக்கலாமா' என்று கை அலைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே பழம், ஒரே சத்து. ஆனால் பற்களுக்கும் வயிற்றுக்கும் இருந்த வேலையை இயந்திரம் செய்துவிட்டது.

'நான் சர்க்கரையே சேர்ப்பதில்லை' என்பது வழக்கமான பதில். உலக சுகாதார அமைப்பு 2015இல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டலில், பழச்சாற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையையும் தேனையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தின் சர்க்கரை அந்தக் கணக்கில் வராது. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதன் பரிந்துரை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேனிலேயே 17 கிராம் போய்விடும். வெந்நீரில் தேன் கலந்து காலையிலும் மாலையிலும் குடிப்பவர்கள் இதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். (தேன் இயற்கையானதுதான். அதற்காக ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு.)

ஸ்மூத்தி சாறு அளவுக்கு மோசமில்லை. நார் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இரண்டு வாழைப்பழம், ஒரு கை பேரீச்சம்பழம், ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், மேலே தேன் என்று அரைத்தால் அது பானமல்ல, முழுச் சாப்பாடு. அதைக் குடித்துவிட்டு உணவுக்கும் உட்காருவதுதான் சிக்கல்.

தண்ணீரை எங்கே வைப்பது

சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்தால் பசி குறையும் என்பதில் உண்மை இருக்கிறது, ஒரு வரம்போடு. 2010இல் வெளியான ஆய்வொன்றில், நடுத்தர வயதைக் கடந்தவர்கள் கலோரி குறைந்த உணவோடு ஒவ்வொரு வேளைக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். அதே உணவுமுறையைத் தண்ணீர் இல்லாமல் பின்பற்றியவர்களைவிட 12 வாரத்தில் சுமார் 2 கிலோ கூடுதலாக எடை குறைந்தது. உணவைக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த உதவி அது. கட்டுப்பாடே இல்லாமல் தண்ணீரை மட்டும் நம்பினால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது 1999இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை. பெண்களுக்கு மதிய உணவுக்கு முன் கோழியும் அரிசியும் காய்கறியும் சேர்ந்த ஒரே உணவை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் வெறும் கெட்டி உணவு. ஒரு நாள் அதோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். ஒரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றிக் காய்ச்சிய சூப். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக் குடித்த நாளில் மதிய உணவின் அளவு குறையவே இல்லை. சூப் குடித்த நாளில் மட்டும் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். உணவோடு கலந்த நீர் வயிற்றில் கூடுதல் நேரம் தங்குகிறது. தனியாகக் குடித்த தண்ணீர் விரைவாக வெளியேறிவிடுகிறது.

ஆகவே வெள்ளரி, தக்காளி, தர்பூசணி, காய்கறி சூப், நீர்க்கக் காய்ச்சிய ஓட்ஸ் என்று நீரை உணவுக்குள்ளேயே வைத்துச் சாப்பிடுவது நல்ல உத்தி. பசிக்கும்போதெல்லாம் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து வயிற்றை ஏமாற்றப் பார்ப்பது வேண்டாம். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியில் தொடங்கி வலிப்பு வரை போகக்கூடும்.

உருளைக்கிழங்கை ஒதுக்குவது

எடைக் கட்டுப்பாடு என்றதும் முதலில் தட்டிலிருந்து விலக்கப்படுவது உருளைக்கிழங்கு. பாவம், அதன் மேல் விழுந்த பழியில் பாதி எண்ணெயுடையது. 1995இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வரும்படி அளந்து கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டார்கள். முதலிடம் பிடித்தது அவித்த உருளைக்கிழங்கு: 323. மீனுக்கு 225, ஓட்ஸ் கஞ்சிக்கு 209, ஆரஞ்சுப் பழத்துக்கு 202, ஆப்பிளுக்கு 197. வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான் 47 வாங்கிக் கடைசிக்குப் போனது. அதே உருளைக்கிழங்கை நீளமாக நறுக்கிப் பொரித்தால் 116.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சிறிய ஆய்வுதான். ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. ஒரே கலோரிக்கு எடையும் நீரும் நாரும் புரதமும் அதிகமுள்ள உணவு வயிற்றை நிறைக்கிறது. கொழுப்பு அடர்ந்த உணவு சிறிய அளவிலேயே கலோரியைத் தந்துவிட்டு வயிற்றைக் காலியாக விடுகிறது.

புரதத்தை மறப்பதும் இதே வகைத் தவறுதான். காலையில் பழமும் காபியும் மட்டும் எடுத்துக்கொண்டு, பதினோரு மணிக்கே பசிக்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை. முட்டை, தயிர், பருப்பு, கொண்டைக்கடலை, மீன் என்று ஏதேனும் ஒன்று கூட இருந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைந்து, போதும் என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடும்.

கூடுதலாகச் சேர்ப்பது

28 கிராம் பாதாம் என்பது ஏறக்குறைய 23 பருப்பு. அதில் சுமார் 160 கலோரி என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். முழுப் பாதாமின் செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பு முழுவதும் செரிப்பதில்லை என்பதால், உடலுக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 129 கலோரிதான் என்று 2012இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நல்ல செய்திதான். ஆனால் இது முழுப் பருப்புக்குரிய கணக்கு. மாவாகவோ வெண்ணெயாகவோ அரைத்துவிட்டால் அந்தச் செல் சுவர்கள் உடைந்துவிடும், சலுகையும் குறைந்துவிடும்.

கொட்டை வகைகளில் நடக்கும் தவறு எளிமையானது: மாலைப் பிஸ்கட்டை நிறுத்தாமல் பாதாமையும் சேர்த்துக்கொள்வது. பையிலிருந்து நேராகக் கையை விட்டு எடுக்காமல், ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பையை மூடி உள்ளே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உப்பும் மசாலாவும் தூவிய வகை, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் செய்துவிடும்.

காய்ந்த விதையும் பொடியும்

சியா விதை தன் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நீரை உறிஞ்சும். டம்ளரில் ஒரு கரண்டி போட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பாக ஒரு உறை திரண்டிருக்கும். இந்த வீக்கம் வயிற்றில் நடந்தால் பலன். உணவுக்குழாயில் நடந்தால் விபத்து. காய்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த ஒருவருக்கு, விதைகள் உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொண்ட நிகழ்வை 2014இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் மாநாடு ஒன்றில் விவரித்தார்கள். இசப்கோலுக்கும், கொன்ஜாக் கிழங்கின் குளுக்கோமன்னான் நாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நிறைய நீர் வேண்டும், படுக்கும் முன் வேண்டாம், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதும் கூடாது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதைச் சில வாரங்களில் மெல்ல எட்டலாம். அவசரப்பட்டால் வாயுவும் உப்பசமும் வந்து, இந்த முயற்சியே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

நார்ப்பொடியைப் பானத்தில் கலந்துவிட்டால் காய்கறிக்கு ஈடு என்று நினைப்பவர்களுக்கு 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்த ஆய்வைச் சொல்லலாம். இருபது பேரை நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் பரிமாறினார்கள். சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பதப்படுத்திய உணவில் நார் குறைந்ததால் பானத்தில் நார்ப்பொடி கலந்து சரிக்கட்டினார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதில், பதப்படுத்திய உணவு நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. சாப்பிட்ட வேகமும் அதிகம். 'இயற்கை' என்று இலைப் படம் போட்ட கிரானோலா பாரும் சுவையூட்டிய தயிரும் வாங்கும்போது, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இதுவே போதுமான காரணம்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று நம்புவது

ஆப்பிள் சிடர் வினிகர் குடித்து எடை நன்றாகக் குறைந்ததாக 2024இல் வந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2025இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் செய்தி போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் இரண்டாவது போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வினிகரை நீர்க்காமல் குடித்தால் பல் எனாமல் அரிக்கும், தொண்டை எரியும். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதும் உண்மை. நீரிழிவால் ஏற்கெனவே இரைப்பை மந்தமானவர்களுக்கு அதுவே தொல்லை.

கிரீன் டீ கோப்பையில் குடிப்பதில் பயமில்லை. பசியைப் பெரிதாக அடக்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சர்க்கரைப் பானத்தின் இடத்தில் வந்தால் அதுவே லாபம். அதன் சாரத்தை மாத்திரையாக அடைப்பதுதான் வேறு கதை. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மாத்திரை வழியாகப் போனால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்வதாக 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. எஃபெட்ராவும் மூலிகைதான். பசியைக் குறைக்கும் என்று சந்தைப்படுத்தப்பட்ட அந்த மூலிகை கலந்த உணவுத் துணைப்பொருட்களை, இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்று அமெரிக்க அரசு 2004இல் தடை செய்தது.

காபி சற்று நேரம் பசியை மறக்கடிக்கும். அதையே உணவாக்கிக்கொண்டால் மாலையில் பசி வட்டியோடு வரும். இரவுத் தூக்கமும் போகும். தூக்கம் போனால் பசி கூடும் என்பது வெறும் பேச்சல்ல. 2004இல் இளைஞர்கள் சிலரை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்புக்கும் மாவுப் பண்டத்துக்கும் ஏக்கம் அதிகரித்தது. இதற்கு எந்த விதையும் பானமும் ஈடுகொடுக்காது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களும், பசியை அடக்கியாயிற்று என்று வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், பட்டினி கிடப்பது, கட்டுப்பாடின்றி உண்பது போன்ற உண்ணும் கோளாறிலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் பசியைக் குறைக்கும் முயற்சியில் தாங்களாக இறங்கவே வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போய், கூடவே தாகமோ படபடப்போ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவை ரத்தச் சர்க்கரையும் தைராய்டும்.