நாட்டு மருந்தையும் கிளினிக் மருந்தையும் சேர்த்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சூரணமும் லேகியமும் வாங்கிச் செல்லும் நம்மவர்களில் பலர், இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்திற்கோ அரசு கிளினிக்கிலும் மாதந்தோறும் மருந்து வாங்குகிறார்கள். இரண்டையும் எடுப்பதைவிட, ஒன்றை மற்றொரு இடத்தில் சொல்லாமல் விடுவதே பெரிய ஆபத்து.

எனவே அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள பொடி, குளிகை, கஷாயச் சரக்கு அனைத்தையும் உறையோடும் புட்டியோடும் ஒரே பையில் எடுத்துச் சென்று, எவ்வளவு, எப்போது, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும், தமிழ் அறியாதவரிடம் மூலிகையின் பெயரை எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் பெரியவர்களுக்கு இயல்பானவை; பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அதன் தாவரவியல் பெயரைத் தேடி எழுதிக் கொடுத்தால் மருந்தாளர் உடனே புரிந்துகொள்வார்.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்வோம். இருமலுக்கு ஓரிரு நாள் குடிப்பது வேறு, வாரக்கணக்கில் தினமும் குடிப்பது வேறு. அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. காரணம் தெரியாத டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்குப் பொட்டாசியம் மேலும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இனிப்புநீருக்குக் கிளிக்கிளசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நாள்தோறும் பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவு மட்டுமீறி இறங்கி, கை நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றும் வரலாம். சமையலில் சேரும் பாகற்காய்க்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மஞ்சள், பூண்டு கேப்சூல்களை டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

பொட்டலமாக விற்கப்படும் குளிகை, லேகியம், கேப்சூல் ஆகியவற்றில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் 'டி' (T) என்ற எழுத்து வரும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். பொய்யான எண்ணை அச்சிடுவோரும் உண்டு என்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் (NPRA) இணையதளத்தில் எண்ணைத் தேடி, அங்கே வரும் பெயர் உங்கள் கையிலுள்ள பொருளின் பெயர்தானா என்று பாருங்கள். இந்தப் பதிவு பாதுகாப்பையும் தரத்தையும் பற்றியது. நோய் தீரும் என்பதற்கு உத்தரவாதமன்று. கடையில் நிறுத்துத் தரும் உலர் மூலிகைகளுக்கு இந்த எண் இராது.

மூட்டுவலிக்கு வாங்கிய ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்தோ குளிகையோ ஓரிரு நாளிலேயே வியக்கும்படி வலியைப் போக்கினால், மகிழ்வதற்கு முன் ஐயப்படுங்கள். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த பொருள்கள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டுள்ளன. முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், பொட்டலத்தோடு டாக்டரிடம் சென்று அவர் சொல்லும் முறையில் குறைத்துக்கொள்ளுங்கள். பாதரசம், ஈயம், ஆர்சனிக் சேரக்கூடிய பற்பம், செந்தூரம் போன்றவற்றைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கொடுக்கவே கூடாது.

வைத்தியரிடம் செல்வதாயின், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். முறையாகப் பயின்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் இக்கேள்வியால் வருத்தப்பட மாட்டார். இன்சுலினை இன்றே நிறுத்து என்று சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள். அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் பாரம்பரிய மருத்துவத்திற்கென்று பிரிவுகள் உள்ளன. பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007இலேயே அது தொடங்கப்பட்டது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், எந்த மூலிகையை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடமும் நீங்கள் எடுக்கும் மூலிகைகளின் பட்டியலைக் காட்டுங்கள்.