சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்

காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை மேட்டர் என்று எல்லாம் கலந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். சில வருடங்களுக்கு முன், வைகாசி முகூர்த்த நேரத்தில், ஒரு காலை பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. பழைய துண்டில் சிபியுவைச் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இருந்த தம்பி பட்டனைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. "சப்ளை போயிருச்சுக்கா" என்றான். சப்ளை என்றால் எஸ்.எம்.பி.எஸ்., சுவர் கரண்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி. புதுசு 1,200 ரூபாய். அங்கே நன்றாக ஓடியது. கடைக்குக் கொண்டுவந்து மாட்டினால் பழையபடி மூச்சு பேச்சில்லை. கடைசியில் பார்த்தால், மேஜைக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் உள்ளே கருகியிருந்தது. என் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு குறையும் இல்லை. நல்லவேளை, அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

அன்றிலிருந்து, கரண்ட் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நானும் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சுவர், ஒயர், எஸ்.எம்.பி.எஸ்., பட்டன், போர்டு (எல்லாப் பாகமும் செருகியிருக்கும் மதர்போர்டு). இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பதில்லை.

அதற்கு முன் ஒரு கேள்வி. சுத்தமாக உயிரே இல்லையா, அல்லது ஃபேன் சுற்றியும் படம் மட்டும் வரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். ஃபேன் சுற்றினால் சுவரையும் ஒயரையும் நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக ரேமுக்கு, அதாவது போர்டில் செருகியிருக்கும் மெமரிப் பட்டைக்குப் போகலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உயிரே இல்லையென்றால் யூ.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, சிபியு ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். யூ.பி.எஸ். பேட்டரி செத்துப்போனால், சில யூ.பி.எஸ்.கள் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்து "கரண்ட் இருக்குதே" என்று நம்பிவிடாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். அதே பிளக்கில் டேபிள் ஃபேனை மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி. அடுத்தது ஒயர். மானிட்டருக்கும் பெரும்பாலும் இதே மாதிரி ஒயர்தான் இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்தால் காசு செலவில்லாமல் விஷயம் தெரிந்துவிடும்.

சிபியுவின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சின்னக் கறுப்பு சுவிட்ச் இருக்கும், கோடு போட்ட பக்கம்தான் ஆன். துடைக்கும்போது கைபட்டு அது அணைந்துவிடுவது உண்டு. பழைய மாடல்களில் 115, 230 என்று சிவப்பு சுவிட்சும் இருக்கும். நம் ஊருக்கு 230தான். 115-இல் வைத்து பிளக்கைப் போட்டால் டப்பென்று வெடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையா, ஒயரைப் பிடுங்கிவிட்டு முன்பக்க பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டுங்கள். கரண்ட் திடீரென்று ஏறி இறங்கும்போது எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடைத்துக்கொள்ளும். உள்ளே தங்கிய மிச்சக் கரண்ட் வடிந்தால்தான் திறக்கும். கோடை மழை இடியோடு வந்து போன மறுநாள் எனக்கு இரண்டு முறை இதிலேயே சரியாகிவிட்டது.

இனி மூடியைக் கழற்ற வேண்டியதுதான். ஒயரைப் பிடுங்கிய பிறகு, மறக்காமல். உள்ளே போர்டில் சின்ன விளக்கு ஏதாவது எரிகிறதா என்பதை, மூடி கழற்றியதும் ஒயரை ஒரு முறை மாட்டிப் பார்த்துக்கொண்டு, மறுபடி பிடுங்கிவிடுங்கள். எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பாதி உயிராவது இருக்கிறது, சந்தேகம் முன்பக்க பட்டன் மேல் போக வேண்டும். தினமும் அமுக்கி அமுக்கி அது தேய்ந்துபோகும். பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் செருகுங்கள். கரண்ட் கொடுத்து ரீசெட்டை அழுத்தியதும் ஓடினால் பட்டன்தான் குற்றவாளி. என் கடையில் ஒரு வருடம் ரீசெட் பட்டனை வைத்தே ஓட்டினேன், வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிப்பது இப்படி. ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் செருகியிருக்கும் 24 ஊசிப் பெரிய பிளக்கையும், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இணைப்புகளையும் கழற்றுங்கள். பெரிய பிளக்கில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்கும் பக்கத்துக் கறுப்பு ஒயருக்கும் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகி, பிறகு கரண்ட் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் முழு ஆரோக்கியம் என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கிறதா பாருங்கள். எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும் மாடல் என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்டைச் சேர்த்துவைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கியடிக்கும். ஒரு முறை அதன் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்துபோன பல்லி. அப்போது அலமாரியில் கிடந்த என் 'செத்துப்போன' பழைய எஸ்.எம்.பி.எஸ்.தான் கைகொடுத்தது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஆன் செய்ததும் ஃபேன் ஒரு நொடி சுற்றி உடனே நின்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். ஹார்ட் டிஸ்க், டிவிடி, முன்பக்க யூ.எஸ்.பி. ஒயர் என்று, கரண்டை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். பென்டிரைவைத் திருகித் திருகிச் செருகுகிறவர்கள் வரும் கடை என்றால் யூ.எஸ்.பி.யை முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே ஊசி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போர்டில் சின்ன உருளை மாதிரி இருக்கும் கெப்பாசிட்டர் மேல்பாகம் உப்பியிருப்பது கண்ணில் பட்டால் அதற்கு மேல் நம் கையில் இல்லை.

சரி, ஃபேன் சுற்றிப் படம் வராத கதைக்கு வருவோம். கரண்ட் ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஊதினால் எச்சில் தெறிக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து முயலுங்கள். போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைப்பதும் சில நேரம் உதவும். படம் காட்டுவதற்கென்று தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் ஒயரை அதில்தான் மாட்ட வேண்டும். இதில் நான் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

எதற்கும் அசையவில்லை என்றால் பஸ் ஏறத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆன் ஆகாத கோளாறைப் பார்க்க அது தேவையில்லை, என் டிஸ்க்கில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல் பாதி கிடக்கிறது. கடையில் உங்கள் கண் முன்னால் ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.